ராஜநாகத்தின் கடைசிச் சட்டை

வாளித் தண்ணீர் சிவந்ததும் முதலில் பின்வாங்கியவர் மணியம் மாமாதான். எங்கள் தோட்டத்து நாகம்மா கோயிலின் பூசாரி அவர். கையிலிருந்த கற்பூரத் தட்டு ஆடி, எரிந்துகொண்டிருந்த வில்லை மண்ணில் விழுந்தது.

"ரத்தம்! அம்மா ரத்தம் காட்டுறாங்க!"

வாளியில் கிடந்தது ஒரு ராஜநாகத்தின் தோல். அதைச் சற்று முன்புதான் அத்தனை பேர் முன்னிலையிலும் உரித்து முடித்திருந்தேன். ஒட்டியிருந்த சதையையும் கொழுப்பையும் சுரண்டி எடுத்து, குழாய்த் தண்ணீரில் அலசி, பூச்சி அரிக்காமல் இருப்பதற்காக வெண்காரம் கரைத்த வாளியில் போட்டேன். கையை விட்டு ஒரு சுற்று கலக்கினேன். தெளிவாக இருந்த தண்ணீர் கண்ணெதிரே செக்கச்செவேல் என்று மாறியது.

பின்னால் நின்ற பெண்கள் கூட்டம் ஓரடி நகர்ந்தது. காளியம்மா அத்தையின் குரல் மட்டும் நகராமல் அங்கேயே நின்றது.

"நான் அப்பவே சொன்னேன். படிச்ச பொண்ணுன்னு கையில கத்தியக் குடுத்தா இப்படித்தான்."

மணிக்கட்டு வரை சிவந்த கைகளோடு நான் நின்றேன். அந்தத் தோல் அப்போது எனக்கு எவ்வளவு வேண்டியிருந்தது என்பதைச் சொன்னால்தான் மற்றது புரியும்.

காலியாக இருந்த மேடை

ஜோகூர் பாருவில் ஒரு சிறிய இயற்கைக் காட்சியகத்தில் வேலை செய்கிறேன். இறந்த விலங்குகளைப் பாடம் செய்வது என் தொழில். "பொம்மை செய்றியா?" என்று உறவினர்கள் கேட்பார்கள். பாதிக்குப் பாதி சரி. உள்ளே இருக்கும் உடம்பு நான் கம்பியிலும் நுரைப்பஞ்சுக் கட்டையிலும் செய்வது. கண் கண்ணாடி. தோல் மட்டும்தான் அந்த உயிர் இந்த உலகத்தில் போட்டுக்கொண்டு திரிந்தது.

பறவை என்றால் இறகு நம் தவறுகளை மூடிக்கொள்ளும். முயல் என்றால் ரோமம். பாம்பு எதையும் மூடாது. ஒவ்வொரு செதிலும் வெளியே தெரியும். செத்த பாம்பு வெயிலில் கொஞ்சம் கூடுதலாகக் கிடந்துவிட்டால், விரலால் தடவும்போதே செதில்கள் பெயர்ந்து வந்துவிடும். அப்புறம் எந்த மருந்தும் உதவாது. அதனால்தான் இந்தத் தொழிலில் பலர் பாம்பைக் கண்டால் ஒதுங்குகிறார்கள். எனக்கு அதனாலேயே பாம்பு பிடிக்கும்.

காட்சியகத்தில் புதிய கூடம் திறக்க ஏற்பாடு நடந்துகொண்டிருந்தது. நடுவில் ராஜநாகத்துக்கென்று ஒரு மேடை கட்டினார்கள். மேடை வந்துவிட்டது, பாம்பு வரவில்லை. என் மேலதிகாரி, அம்மையார் என்ற மரியாதையோடு நாங்கள் அழைக்கும் புவான் நோர்லியா, ஃபைபரில் ஒரு பாம்பு வார்த்து வாங்கிவிடலாம் என்றார். கூட்டத்தில் எல்லோரும் தலையாட்டினார்கள்.

நான் கை தூக்கினேன். "அசல் பாம்பு கிடைத்தால் நான் செய்கிறேன்."

அதுவரை நான் செய்தவை மரத்தில் வாழும் சிறு பாம்புகளும் ஒரு குட்டி மலைப்பாம்பும்தான். புவான் நோர்லியா அதட்டிப் பேசத் தெரியாத மனிதர், ஆனால் சொன்ன சொல்லை மாற்றவும் தெரியாது. "இந்த மாதக் கடைசி வரை பார்ப்போம். கிடைக்காவிட்டால், கிடைத்தும் கெட்டுப்போனால், ஃபைபர்" என்றார்.

மாதம் முக்கால்வாசி போய்விட்டது.

அப்பா கூப்பிட்டார்

அப்பா கைப்பேசியில் பேசினால் தூரத்தில் இருப்பவரைக் கூப்பிடுவது போலத்தான் பேசுவார்.

"பாப்பா! கருநாகம் ஒன்னு செத்துக் கெடக்கு! நம்ம சேகரு டிராக்டர் ஏறிருச்சு!"

"எப்பப்பா?"

"இப்பதான். நான் ஈரச் சாக்குப் போட்டு மூடிருக்கேன். மணியம் எரிக்கணும்னு சொல்றான். வேணும்னா ஓடியா!"

அப்பா பெக்கோக் பக்கத்தில், எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டத்தில் குலை வெட்டுகிறவர். நீண்ட கழியின் முனையில் அரிவாளைக் கட்டி, நாள் முழுக்க அண்ணாந்தே வேலை. வீட்டில் சோறு சாப்பிடும்போதுகூட அவர் கழுத்து லேசாக நிமிர்ந்துதான் இருக்கும். பள்ளிக்கூட வாசலை மிதித்ததில்லை. அம்மா மிதித்தவர், எழுத்துக் கூட்டிப் படிக்கப் பழகுவதற்குள் தம்பி தங்கைகளைப் பார்த்துக்கொள்ள நிறுத்திவிட்டார்கள். இரண்டு பக்கத்துச் சொந்தத்திலும் பள்ளி முடித்து, பல்கலைக்கழகம் போய், பட்டத் தொப்பியோடு படம் எடுத்துக்கொண்டவள் நான்தான். அந்தப் படம் எங்கள் வீட்டில் சாமிப் படங்களுக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறது. விளக்கேற்றும்போது அம்மா அதற்கும் சேர்த்தே ஊதுபத்தி காட்டுகிறார். வேண்டாம் என்று சொல்லிப் பார்த்துவிட்டேன்.

தோட்டத்தில் கருநாகம் என்று சொல்லும் ராஜநாகம் பாதுகாக்கப்பட்ட இனம். செத்ததையும் சும்மா எடுத்து வந்துவிட முடியாது. நான் காரைக் கிளப்பும்போதே புவான் நோர்லியா வனவிலங்கு அதிகாரிகளிடம் பேசத் தொடங்கியிருந்தார். யோங் பெங்கில் நெடுஞ்சாலையை விட்டு இறங்கி ஐஸ் வாங்கும்போது, அனுமதி கிடைத்துவிட்டது என்று செய்தி வந்தது.

அரசாங்கம் சரி என்றுவிட்டது. நாகம்மா கோயில் சரி என்னுமா என்பதுதான் தெரியவில்லை.

அம்மா பேசிய வழக்கு

எங்கள் தோட்டத்தில் பாம்புக்கு ஒரு முறை இருக்கிறது. நல்ல பாம்போ கருநாகமோ மனிதர் கையால் செத்துவிட்டால் அப்படியே வீசிவிட மாட்டார்கள். குளிப்பாட்டி, பால் ஊற்றி, கற்பூரம் காட்டி எரிப்பார்கள். அடித்தவரோ ஏற்றியவரோ தலைமுழுகிவிட்டு வந்துதான் வீட்டுக்குள் நுழைய வேண்டும். சேகர் அண்ணன் அன்று சொட்டச் சொட்ட ஈரத்தோடு கோயில் படியில் உட்கார்ந்திருந்தார்.

"குலை ஏத்திக்கிட்டு வந்தேன் தங்கச்சி. இலைக்குள்ள படுத்துருக்கு, கண்ணுக்கே தெரியல லா. சத்தியமா தெரியல" என்றார். யாரும் கேட்காமலே அதை மூன்று முறை சொன்னார்.

கோயில் புற்றுக்கு அருகே, தகரக் கொட்டகை நிழலில் அது கிடந்தது. நான் பார்த்த பாம்புகளிலேயே பெரியது. அடுப்புக் கரியில் பச்சையைக் கலந்தாற்போல முதுகு. மங்கலான பட்டைகள். டயர் ஏறிய இடம் உடம்பின் நடுவில், தோல் ஒரு சாண் கிழிந்திருந்தது. தலை சேதமில்லை. குனிந்து வயிற்றுச் செதிலைக் கட்டைவிரலால் அழுத்தித் தடவினேன். பெயரவில்லை. ஐஸ் பெட்டியை எடுக்கத் திரும்பினேன்.

மணியம் மாமா குறுக்கே வந்தார். "பாப்பா, நீ படிச்ச பிள்ள. ஒன் வேல ஒனக்குப் பெருசு. ஆனா இது அம்மாவோட பிள்ள. தோல உரிச்சு ஊர்ல வச்சுக் காட்டுனா அந்தப் பாவம் யாருக்கு? சேகருக்கா, ஒனக்கா, எனக்கா?"

அறிவியல் பேசினால் அவர் கேட்டுக்கொள்வார், பாம்பைத் தர மாட்டார்.

அப்போதுதான் அம்மா பேசினார். கோயிலில் சோறு போடுவதைத் தவிர வேறு எதற்கும் முன்னால் வராதவர்.

"அண்ணே, பாம்பு சட்டைய யாரு உரிக்கிறா? அதுவேதான கழட்டிப் போட்டுட்டுப் போவுது? தோட்டம் பூரா கெடக்கே, நம்ம கால்ல மிதிக்கிறோமே, பாவம் வந்துச்சா? எம்மவ ஒடம்பக் கேக்கல. கடைசிச் சட்டையத்தான் கேக்குறா. சட்டைய அவளுக்குக் குடுங்க. ஒடம்ப அம்மாவுக்கு எரிங்க."

மணியம் மாமா புற்றைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"எலும்பு, தல எலும்பு, சத, ஒன்னும் கொறையாம வரணும்."

"வரும் மாமா" என்றேன்.

ஒட்டுப்பலகை மேல்

சேகர் அண்ணன் டிராக்டர் இழுவண்டியில் கிடந்த ஒட்டுப்பலகையைக் கொண்டுவந்து போட்டார். கையுறை மாட்டி, முதலில் நச்சுப்பற்கள் மேல் கெட்டியான பஞ்சைக் கட்டினேன். செத்த நாகத்தின் பல் கீறினாலும் ஆபத்துதான். பிறகு மல்லாக்கப் போட்டு, தொண்டைக்குக் கீழிருந்து கத்தியை வைத்தேன்.

ஆழம் அதிகமானால் குடல் கிழியும், குறைந்தால் தோல் கோணலாகப் பிரியும். வயிற்றின் அகலச் செதில்களைப் பாதியாக வெட்டக் கூடாது. ஓரமாக, செதில் முடியும் வரியைப் பிடித்தே போக வேண்டும். பாதி தூரம் போனதும் கத்தி தேவைப்படாது. கட்டைவிரலை உள்ளே விட்டு நகர்த்தினால், ஈரத்துணியைப் பலகையிலிருந்து எடுப்பது போல மெல்லிய சத்தத்தோடு தோல் பிரிந்து வரும். பச்சை வெள்ளரிக்காயும் மீனும் கலந்த மாதிரி ஒரு வாடை. அதோடு ஊற்றிய பாலின் புளிப்பு, கற்பூரம், பழுத்த செம்பனைக் குலையின் எண்ணெய் நெடி.

பெண்கள் முதலில் மூக்கைப் பொத்திக்கொண்டு தூர நின்றார்கள். பிறகு ஒவ்வொருவராகக் கிட்டே வந்தார்கள்.

"ஆட்டுத் தோலு மாரிதான் வருது."

"கைய பாரேன், நடுங்கவே இல்ல."

"நடுங்குனா சம்பளம் குடுப்பானா?" என்றார் காளியம்மா அத்தை. "ஏண்டி, மாப்ள வீட்டுக்காரங்க வந்து பொண்ணு என்னா வேல பாக்குதுன்னு கேட்டா என்னான்னு சொல்வா ஒங்கம்மா?"

"தையல் வேலைன்னு சொல்வாங்க அத்த."

அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார்.

கடினமானது தலை. உதடு வரை தோலைப் புரட்டி, கண்ணைச் சுற்றி நூலிழையாக வெட்டி, மண்டையோட்டை முழுசாக விடுவிக்க வேண்டும். மண்டையோடு தனியாக வந்ததும் இரண்டு கையாலும் ஏந்தி மணியம் மாமாவிடம் கொடுத்தேன். வாழையிலையில் வாங்கிக்கொண்டார். உடம்பையும் அப்படியே. ஒன்றும் குறையவில்லை.

அதுவரை எல்லாம் என் பக்கம். தோலை அலசினேன், வாளியில் போட்டேன், கலக்கினேன்.

இரண்டு பேரும் கரைத்த ஆலம்

"அம்மாவுக்குச் சம்மதம் இல்ல" என்றார் மணியம் மாமா. "பாப்பா, மன்னிச்சுக்க. தோலும் நெருப்புக்குத்தான். எடுத்துக் குடு."

சேகர் அண்ணன் படியிலிருந்து எழுந்துவிட்டார். பாவம், அவருக்குத்தான் எல்லோரையும்விடப் பயம். ஐஸ் பெட்டி திறந்தே கிடந்தது. வெயில் கொட்டகையின் விளிம்பைத் தாண்டி உள்ளே வந்துகொண்டிருந்தது. இன்னும் கொஞ்ச நேரம் இந்தச் சூட்டில் இருந்தால் எரிக்கவே வேண்டாம், தோல் தானே கெட்டுப்போகும்.

நான் வாளியைப் பார்த்தேன். என் கையைப் பார்த்தேன். ரத்தத்துக்கு இவ்வளவு சிவப்பு கிடையாது, தண்ணீரில் கலந்தால் பழுப்பாகத்தான் போகும். இந்தச் சிவப்பை வேறெங்கோ பார்த்திருக்கிறேன். கல்யாண வாசல்களில்.

"அம்மா, நான் வர்றதுக்கு முன்னாடி பாம்பக் குளிப்பாட்டுனீங்களா?"

"குளிப்பாட்டாம? நல்லா மஞ்சத் தண்ணி வச்சு, நானும் காளியம்மாவும்தான். சும்மாவா அனுப்புறது?" என்றார் அம்மா.

எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன். குழாய்த் தண்ணீரில் அலசினேனே, மஞ்சள் அதற்கெல்லாம் போகுமா?

"அத்த, ஆரத்திக்கு ஆலம் எப்படிக் கரைப்பீங்க?"

காளியம்மா அத்தை முறைத்தார். "இப்ப அது ரொம்ப முக்கியமா?"

"சொல்லுங்களேன்."

"மஞ்சத் தண்ணியில சுண்ணாம்பு."

"என்னா கலர் வரும்?"

"செவப்பு..." என்று தொடங்கி நிறுத்திக்கொண்டார். வாளியை எட்டிப் பார்த்தார். "அலமாக்!"

"நீங்க மஞ்ச ஊத்துனீங்க. நான் போட்ட வெண்காரமும் சுண்ணாம்பு சாதிதான். நாம ரெண்டு பேரும் சேந்து ஆலம் கரைச்சிருக்கோம் அத்த. வேற ஒன்னும் இல்ல."

மணியம் மாமாவுக்கு இது போதவில்லை. பூசாரி அல்லவா, பார்த்தால்தான் நம்புவார். நான் இடைநிலைப் பள்ளியில் படிக்கும்போது ஒரு முறை, செடிகளிலிருந்து நிறம் மாறும் சாறு கொண்டுவரச் சொன்னார்கள். எல்லோரும் செம்பருத்திப் பூவோடு வந்தார்கள். நான் அம்மாவின் அஞ்சறைப் பெட்டியிலிருந்து மஞ்சள் தூள் கொண்டுபோனேன். சோப்புத் தண்ணீரில் சிவக்கும், புளிப்புப் பட்டால் பழையபடி மஞ்சளாகும். அன்று எனக்குக் கைதட்டினார்கள். பேருந்தில் வீடு திரும்பும் வழியெல்லாம் விரல் நுனி மஞ்சளாக இருந்ததை மறைக்காமல் வைத்துக்கொண்டேன்.

"மாமா, சூலத்துல குத்தியிருக்கிற எலுமிச்சம்பழம் வேணும்."

"அது அம்மாவோடது!"

என் அம்மா செருப்பைக் கழற்றிவிட்டுப் போனார். சூலத்தை ஒரு முறை தொட்டுக் கும்பிட்டு, பழத்தை உருவிக்கொண்டுவந்து என் கையில் வைத்தார்.

வாளியிலிருந்து ஒரு மங்குக் கிண்ணம் நிறையத் தண்ணீர் மொண்டேன். எல்லோரும் பார்க்கும்படி பலகை நடுவில் வைத்துப் பழத்தைப் பிழிந்தேன். சாறு விழுந்த இடத்தில் முதலில் ஒரு மஞ்சள் பொட்டு. அது விரிந்தது. விரலால் கலக்கினேன். சிவப்பு முழுக்க வடிந்து, மங்கில் மஞ்சள் தண்ணீர் நின்றது.

யாரோ "ஆத்தி!" என்றார்கள்.

மணியம் மாமா மங்கை உயர்த்தி வெளிச்சத்தில் பார்த்தார். முகர்ந்தும் பார்த்தார். பிறகு புற்றுப் பக்கம் திரும்பிக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"குளுந்துட்டாங்க."

நான் மறுக்கவில்லை. அவர் சொன்னதிலும் நான் சொன்னதிலும் எலுமிச்சம்பழம் ஒன்றுதான்.

பிறகு அம்மனின் எலுமிச்சை மாலையையே கழற்றித் தந்துவிட்டார். காளியம்மா அத்தை உட்கார்ந்து மடமடவென்று பிழிந்து தள்ளினார். தோலை எடுத்து அந்தச் சாற்றுத் தண்ணீரில் அலசி, உள்பக்கம் உப்பு தூவிச் சுருட்டி, ஐஸ் பெட்டிக்குள் வைத்தேன். மூடுவதற்கு முன் கட்டைவிரலால் ஒரு முறை தடவினேன். ஒரு செதில்கூட அசையவில்லை.

கார் கிளம்பும்போது கண்ணாடியில் கோயில் புகை தெரிந்தது. உடம்பு அவர்களோடு போனது, சட்டை என்னோடு வந்தது.

அன்றிலிருந்து பாம்பு எடுக்கப் போகும்போதெல்லாம் என் கருவிப் பெட்டியில் இரண்டு எலுமிச்சம்பழம் இருக்கும். அலுவலகத்தில் என்னைக் கேலி செய்வார்கள். செய்யட்டும்.

தொண்டையில் இருந்த நிறம்

பதப்படுத்தியது, கொழுப்பை இன்னொரு முறை எடுத்தது, உடம்பு செதுக்கியது, தைத்தது எல்லாவற்றையும் எழுதினால் இந்த இதழ் போதாது. ஒன்று மட்டும் சொல்கிறேன். பாம்புத் தோல் காயும்போது நிறம் இறங்கிவிடும். மெல்லிய பூச்சாகப் பலமுறை வர்ணம் ஏற்ற வேண்டும். முதுகுக்கு ஏற்றினேன், பட்டைகளுக்கு ஏற்றினேன். தொண்டைக்கு வந்ததும் தூரிகையைக் கீழே வைத்துவிட்டேன். உயிருள்ள ராஜநாகத்துக்குத் தொண்டையில் ஓர் இளமஞ்சள் உண்டு. அது அங்கே ஏற்கெனவே இருந்தது.

மாதக் கடைசிக்கு முன்பே புவான் நோர்லியாவைப் பட்டறைக்குக் கூப்பிட்டேன். படம் உயர்த்தி நின்ற பாம்பைச் சுற்றி வந்தார். குனிந்தார்.

"தொண்டைக்கு என்ன பெயின்ட் போட்டாய்? இவ்வளவு இயல்பாக வந்திருக்கிறதே."

"பெயின்ட் இல்லை புவான். என் அம்மா."

ஃபைபர் பாம்பு வாங்கும் பேச்சு அத்தோடு நின்றது.

கூடம் திறந்த அன்று பெக்கோக்கிலிருந்து ஒரு வேன் நிறைய வந்து இறங்கினார்கள். மணியம் மாமா பட்டுச் சட்டை போட்டிருந்தார். கண்ணாடிப் பெட்டி முன் கும்பிட்டுவிட்டு, பக்கத்தில் நின்ற மலாய்க்காரக் காவலரிடம், "இது எங்க தோட்டத்துப் பாம்பு. செஞ்சதும் எங்க தோட்டத்துப் பொண்ணு" என்று மலாயில் விளக்கத் தொடங்கினார். அவர் முடிப்பதற்குள் காவலருக்குக் கோயில் வரலாறே தெரிந்துவிட்டது.

"மொறைக்குது பாரு, என் மாமியா மாரியே" என்றார் காளியம்மா அத்தை. அப்பா அண்ணாந்து நின்றார். வழக்கமான கழுத்துதான், ஆனால் பார்த்துக்கொண்டே இருந்தார்.

சேகர் அண்ணன் வாசலைத் தாண்டவில்லை. நான்தான் கூப்பிட்டு வந்தேன். மெதுவாகப் பெட்டியைச் சுற்றினார், இரண்டு பக்கமும் குனிந்து தேடினார்.

"நான் ஏத்துன எடம் எங்க தங்கச்சி?"

"கண்டுபிடிங்க."

மறுபடி சுற்றினார். முகம் கொஞ்சம் கொஞ்சமாக இளகியது. "தெரியலையே லா. எங்கயுமே தெரியல."

அந்தத் தையல் எங்கே இருக்கிறது என்று இன்றுவரை நான் யாருக்கும் சொல்லவில்லை. பட்டம் வாங்கிய அன்றைக்குக்கூட எனக்கு இவ்வளவு பெருமையாக இருந்ததில்லை.

எல்லோரும் வேனுக்குப் போன பிறகும் அம்மா பெட்டி முன்னாலேயே நின்றார்.

"இது எத்தன வருசம் இருக்கும் பாப்பா?"

"நல்லா பாத்துக்கிட்டா நம்ம காலத்துக்கு அப்புறமும் இருக்கும்மா."

"கழுத்துல அந்த மஞ்ச?"

"அது இருக்காது. வெளிச்சம் பட்டா கொஞ்சங்கொஞ்சமா வெளுத்துரும்."

அம்மா கைப்பையைத் தோளில் ஏற்றிக்கொண்டார்.

"வெளுத்தா சொல்லு. வந்து பூசிட்டுப் போறேன்."

பெட்டியைத் தொடக் கூடாது என்று மூன்று மொழியில் எழுதி வைத்திருக்கிறோம். ஆனால் அதன் சாவி என்னிடம்தான் இருக்கிறது.